ஒரே மூச்சில் எவ்வளவு தூரம்? முத்துநகர் சொல்லித்தரும் மின்சார கார் அதிசயங்கள்... தெரியுமா?

தூத்துக்குடிக் கடலில் முத்துக்குளித்தவருக்கு ஒரு மூச்சுதான் கைமுதல். அந்த ஒரே மூச்சில் கடலடிக்கு இறங்க வேண்டும், சிப்பி பொறுக்க வேண்டும், உயிரோடு மேலே வர வேண்டும். அதே ஊரில் இன்று மின்சார கார்கள் தயாராகின்றன. அந்தக் காருக்கும் ஒரு சார்ஜ்தான் கைமுதல்! அதை வைத்துக்கொண்டு எவ்வளவு தூரம் போகலாம்? ‘ஈகோ மோட்’ என்ற அந்தச் சின்னப் பொத்தான் உண்மையில் என்ன செய்கிறது? காற்று, கடல், உப்பு, கப்பல், மலை என்று எங்கெங்கோ இழுத்துப் போகிறது இந்தக் கேள்வி. வாருங்கள், ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்!

1. முத்துக் குளித்த ஊரில் மின்சார கார் பிறக்கிறது, தெரியுமா?

வியட்நாமின் வின்ஃபாஸ்ட் நிறுவனம் இந்தியாவில் தன் முதல் தொழிற்சாலையை அமைக்கத் தேர்ந்தெடுத்த இடம் தூத்துக்குடி! சில்லாநத்தம் சிப்காட் வளாகத்தில் 400 ஏக்கர். 2024 பிப்ரவரி 25 அன்று அடிக்கல். 2025 ஆகஸ்ட் 4 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் திறந்து வைத்தார். இடையில் ஒன்றரை ஆண்டுகூட இல்லை! தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள் செய்யும் திறன். அதை 1.5 லட்சம் வரை உயர்த்தவும் இடமுண்டு. துறைமுகம் பக்கத்திலேயே இருப்பதால், உதிரி பாகம் வந்து இறங்கவும் செய்த காரைக் கப்பல் ஏற்றவும் ஊரைத் தாண்டவே வேண்டாம்.

கொற்கை முத்து கடல் கடந்து போனது போல இனி தூத்துக்குடி காரும் போகும். நினைக்கவே சிலிர்க்கிறதல்லவா?

2. ஒரு முழு சார்ஜ் என்பது ஆறேமுக்கால் லிட்டர் பெட்ரோல்கூட இல்லை, தெரியுமா?

சில்லாநத்தத்தில் தயாராகும் விஎஃப் 6 காரின் பேட்டரி கொள்ளளவு 59.6 யூனிட். ஆம், நம் வீட்டு மீட்டரில் ஓடுகிறதே, அதே யூனிட்தான்! தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கிறது. அதில் அறுபது சதவீதத்தை ஊற்றினால் இந்தப் பேட்டரி ஏறக்குறைய நிரம்பிவிடும்!

இன்னொரு பக்கம் பாருங்கள். ஒரு லிட்டர் பெட்ரோலில் அடங்கியிருக்கும் ஆற்றல் சுமார் 9 யூனிட். அப்படியானால் இந்தப் பெரிய பேட்டரிக்குள் இருக்கும் மொத்த ஆற்றலும் 6.6 லிட்டர் பெட்ரோலுக்குச் சமம். ஒரு கேன் அளவு! ஆனாலும் கார் முந்நூறு, நானூறு கிலோமீட்டர் ஓடுகிறது. எப்படி? பெட்ரோல் எஞ்சின் தனக்குக் கிடைக்கும் ஆற்றலில் முக்கால் பங்கு வரை சூடாக்கி வெளியே விட்டுவிடும். மின்மோட்டாரோ பத்தில் ஒன்பது பங்கை சக்கரத்துக்குக் கொடுத்துவிடும்.

கையிருப்பு சிறியது, வீணடிப்பும் குறைவு. அதனால்தான் மின்சார காரில் நாம் செய்யும் ஒவ்வொரு சிறு சிக்கனமும், ஒவ்வொரு சிறு ஊதாரித்தனமும் உடனே கிலோமீட்டராகத் தெரிகிறது. பெட்ரோல் காரிலும் அதே தவறுகளைத்தான் செய்துவந்தோம். அப்போது கண்ணில் படவில்லை, அவ்வளவுதான்.

3. உலகின் பழைய ‘ஈகோ மோட்’ மன்னார் வளைகுடாவில் இருந்தது, தெரியுமா?

முத்துக்குளிப்பவர் கடலுக்குள் நீந்தி இறங்குவார் என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லவே இல்லை! ஒரு கனமான கல்லைக் கயிற்றில் கட்டி, அந்தக் கயிற்றின் வளையத்தில் காலை வைத்து நிற்பார். கல் இழுத்துக்கொண்டு போகும். அவர் கை காலை அசைக்கவே மாட்டார்! கடலடியில் சிப்பிகள் கிடக்கும் முத்துப்பாரில் கால் பட்டதும் கல்லை விட்டுவிடுவார். தோணியில் நிற்பவர் அந்தக் கல்லை மேலே இழுத்து, அடுத்தவர் இறங்கத் தயாராக வைத்துக்கொள்வார். கீழே இருப்பவர் சிப்பிகளை வலைப்பையில் அள்ளிப் போட்டு, கயிற்றை ஒரு சொடுக்குச் சொடுக்குவார். தோணிக்காரர் விறுவிறுவென்று இழுத்துக்கொள்வார்.

இறங்க ஈர்ப்பு விசை, ஏற அடுத்தவர் கை. தன் மூச்சு மட்டும் சிப்பி பொறுக்க! ஒரு நிமிட மூச்சில் ஒரு துளியும் வீண் போகாத ஏற்பாடு.

அதைவிடப் பெரிய வியப்பு அவர் உடம்புக்குள் நடந்தது. மூச்சை அடக்கி முகத்தை நீருக்குள் வைத்தாலே மனித இதயம் தானாக மெதுவாகத் துடிக்கத் தொடங்கும். கை கால்களுக்குப் போகும் இரத்தம் குறைந்து, மூளைக்கும் இதயத்துக்கும் முன்னுரிமை கிடைக்கும். கடல்நாய்க்கும் திமிங்கிலத்துக்கும் இருக்கும் இதே திறன் நம் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவசியமானதற்கு மட்டும் கொடு, மற்றதைக் குறை. காரின் ஈகோ மோட் செய்வதும் இதைத்தானே!

4. ஈகோ பொத்தானை அழுத்தியதும் உள்ளே என்ன நடக்கிறது, தெரியுமா?

மூன்று காரியங்கள் நடக்கின்றன. முதலாவது, ஆக்சிலரேட்டர் சாதுவாகிவிடும். அதே அளவு மிதித்தாலும் மோட்டாருக்குப் போகும் கட்டளை குறையும். கார் துள்ளாமல், தோணி கரையை விட்டு நகர்வது போல மெல்லப் புறப்படும். இரண்டாவது, பல கார்களில் மோட்டாரின் உச்ச சக்திக்கே ஒரு வரம்பு விழும். மூன்றாவது, ஏசி கொஞ்சம் அடக்கி வாசிக்கும்.

ஒவ்வொரு கம்பெனியும் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது. டாடா நெக்ஸான் மின்சார காரில் ஈகோ, சிட்டி, ஸ்போர்ட். ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் தயாராகும் ஹூண்டாய் கிரெட்டா எலக்ட்ரிக்கிலும் ஈகோ உண்டு. மஹிந்திராவின் பிஇ 6 காரில் சுற்றி வளைக்காமல் ‘ரேஞ்ச்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள்! ஓசூரில் தயாராகும் ஏதர் ஸ்கூட்டரிலும் ஈகோ உண்டு.

இப்போது பெரிய ரகசியத்தைக் கேளுங்கள். சமதரைச் சாலையில், ஒரே சீராக 80 கிலோமீட்டர் வேகத்தில், ஏசியும் ஒரே அளவில் ஓடினால், ஈகோவுக்கும் ஸ்போர்ட்டுக்கும் செலவில் பெரிய வித்தியாசமே இருக்காது! காற்றுக்கு நீங்கள் எந்தப் பொத்தானை அழுத்தியிருக்கிறீர்கள் என்று தெரியாது. அது வேகத்தை மட்டுமே பார்க்கும். ஈகோ மோட் நம் வலது காலைப் பழக்கும் வாத்தியார். தூரத்தைக் கூட்டுவது பழகிய அந்தக் கால்தான்.

5. இருபது நிமிடம் கொடுத்தால் முப்பது கிலோமீட்டர் திரும்பக் கிடைக்கும், தெரியுமா?

வேகம் கூடினால் காற்றின் தடை அதன் வர்க்கத்தில் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் தடை நான்கு மடங்கு! ஆட்களோடு சேர்த்து 1,800 கிலோ எடையுள்ள ஒரு நடுத்தர மின்சார காருக்குத் தோராயமாகக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோமீட்டர் பயணத்தில் காற்றைக் கிழிக்க மட்டும் ஆகும் செலவு இது:

60 கி.மீ. வேகத்தில்: 3.2 யூனிட்
80 கி.மீ. வேகத்தில்: 5.7 யூனிட்
100 கி.மீ. வேகத்தில்: 8.9 யூனிட்
120 கி.மீ. வேகத்தில்: 12.8 யூனிட்

அதே தூரம், அதே கார், அதே ஆட்கள். வேகம் மட்டும் 60-லிருந்து 120 ஆனது, காற்று கேட்கும் கூலி நான்கு மடங்காகிவிட்டது!

தூத்துக்குடியிலிருந்து மதுரைக்கு நாற்கரச் சாலையில் ஏறக்குறைய 135 கிலோமீட்டர். எல்லாச் செலவையும் சேர்த்தால், 100-இல் போவதைவிட 80-இல் போனால் நாலரை யூனிட்டுக்கு மேல் மிச்சம். கூடுதலாகப் பிடிக்கும் நேரம் 20 நிமிடம். மிச்சமான மின்சாரத்தில் இன்னும் 30 கிலோமீட்டர் போகலாம்! தூத்துக்குடியிலிருந்து திருச்செந்தூர் போகிற வழியில் முக்கால்வாசி! எட்டயபுரம் பக்கம் நிறுத்தி ஒரு டீ குடித்துப் பேசிக்கொண்டிருக்கும் நேரம்தானே அது?

6. துறைமுகத்துக்கு வரும் கப்பல்களும் ஈகோ மோடில்தான் வருகின்றன, தெரியுமா?

வ.உ.சிதம்பரனார் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்டு நிற்கும் மலை போன்ற சரக்குக் கப்பல்களைப் பார்த்திருப்பீர்கள். 2008 வாக்கில் எண்ணெய் விலை விண்ணைத் தொட்டபோது, உலகின் பெரிய கப்பல் நிறுவனங்கள் ஒரு முடிவெடுத்தன. புது எஞ்சின் வாங்கவில்லை, எரிபொருளை மாற்றவில்லை. மெதுவாகப் போவோம் என்றன! அவ்வளவுதான்!

கப்பலுக்குத் தேவைப்படும் எஞ்சின் சக்தி, ஏறக்குறைய வேகத்தின் மும்மடிப் பெருக்கத்தில் மாறும். வேகத்தைப் பத்து சதவீதம் குறைத்தால் தேவைப்படும் சக்தி 27 சதவீதம் குறையும். பயணம் கொஞ்சம் நீளும்தான். அதையும் கழித்துப் பார்த்தால்கூட ஒரு நடைக்கு 19 சதவீத எரிபொருள் மிச்சம்! ஒரு லட்சம் டன் கப்பலுக்குப் பலித்த பாடம், ஒன்றேமுக்கால் டன் காருக்குப் பலிக்காதா?

7. போகும்போது எடுத்த கடனைக் காற்று வரும்போது முழுதாகத் திருப்பித் தராது, தெரியுமா?

வாடை, கச்சான், கொண்டல், சோழகம்... நம் கடற்கரை மீனவர்கள் காற்றுக்கு வைத்திருக்கும் பெயர்களைக் கேட்டாலே அழகு! திசை ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர், பெயர் ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம். பாய் விரித்துக் கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் சரக்கு கொண்டுபோன தூத்துக்குடித் தோணிக்காரர்கள் காற்றைப் பார்க்காமல் கயிற்றை அவிழ்த்ததில்லை. மின்சார கார் ஓட்டுபவருக்கும் அந்தக் கண் வேண்டும்!

ஆடி மாதம். மேற்கிலிருந்து காற்று மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் வீசுகிறது. நீங்கள் தூத்துக்குடியிலிருந்து திருநெல்வேலிக்கு 80-இல் போகிறீர்கள். ஸ்பீடோமீட்டர் 80 என்றுதான் காட்டும். ஆனால் காரின் முகத்தில் அடிப்பதோ 110 கிலோமீட்டர் காற்று! தடை 1.89 மடங்காகிவிடும். “பரவாயில்லை, திரும்பி வரும்போது அதே காற்று தள்ளுமே” என்பீர்கள். தள்ளும்தான். தடை 0.39 மடங்காகக் குறையும். ஆனால் இரண்டையும் கூட்டுங்கள்: 2.28! காற்றே இல்லாத நாளில் போய்வர ஆவது 2. ஆக, போகவர மொத்தக் கணக்கில் காற்றுக்கான செலவு 14 சதவீதம் கூடுதல்!

எதிர்காற்றில் பத்து கிலோமீட்டர் வேகம் குறைத்து, பின்காற்றில் கூட்டிக்கொள்ளுங்கள்.

8. பிரேக் பிடித்தால் பேட்டரி ஏறும் வித்தைக்கு நூற்றாண்டு வயது கடந்துவிட்டது, தெரியுமா?

‘ரீஜென்’ என்கிறார்களே, காலை எடுத்தால் மோட்டாரே ஜெனரேட்டராக மாறிப் பேட்டரிக்குள் மின்சாரத்தைத் திருப்பி அனுப்புமே, அது நேற்றைய கண்டுபிடிப்பு என்றா நினைத்தீர்கள்? 1890-களிலேயே பாரிஸில் லூயி கிரீகர் என்பவர் செய்த மின்சார வண்டிகளில் இந்த வித்தை இருந்தது! இந்தியாவில், மும்பையிலிருந்து புனே போகும் மலைப்பாதையில் 1920-களின் இறுதியில் வந்த மின்ரயில் எஞ்சின்கள் இறங்கும்போது மின்சாரம் தயாரித்து மேல்கம்பிக்கே திருப்பிக் கொடுத்தன. இன்றும் நம் ரயில்வேயின் நவீன மூன்று ஃபேஸ் எஞ்சின்கள் ஸ்டேஷனை நெருங்கி வேகம் குறைக்கும்போது இதையேதான் செய்கின்றன.

தூத்துக்குடி விவிடி சிக்னலில் நிற்கும்போது நினைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் அந்த 1,800 கிலோ காருக்குள் 0.07 யூனிட் ஆற்றல் ஓட்டமாக நிற்கிறது. பதினான்கு முறை முழுசாக நின்று கிளம்பினால் ஒரு யூனிட்! பெட்ரோல் காரில் அது முழுவதும் பிரேக் கட்டையில் சூடாகிக் கரைந்துபோகும். மின்சார காரில் பாதிக்கு மேல் பேட்டரிக்குத் திரும்பிவிடும். ஸ்டீயரிங் பின்னாலிருக்கும் சின்ன நெம்புகோலால் இந்த இழுப்பைக் கூட்டிக் குறைக்கவும் பல கார்களில் வசதி உண்டு. கிரெட்டா எலக்ட்ரிக்கில் ஒரே பெடலில் ஓட்டி, காலை எடுத்தாலே நிற்கும் ஏற்பாடும் இருக்கிறது.

ஆனால் கவனியுங்கள்! திரும்பி வருவது பாதிக்கு மேல்தான், முழுசும் அல்ல. சிக்னல் சிவப்பு என்று இருநூறு மீட்டர் முன்பே பார்த்துக் காலை மெல்லத் தளர்த்தி, தானாக உருண்டு வந்து சேர்பவர், ரீஜென் பிடித்து நிறுத்துபவரைவிட அதிகம் மிச்சம் பிடிப்பார். செலவழித்ததை மீட்பதைவிட செலவழிக்காமல் இருப்பதே மேல் என்று நம் பாட்டிகள் சொன்னது இங்கேயும் உண்மை!

9. மலை ஏறச் செலவான மின்சாரம், இறங்கும்போது வீட்டுக்கு வரும், தெரியுமா?

கோடைக்கானலுக்குப் போகிறீர்கள். அடிவாரத்திலிருந்து ஏறக்குறைய 1,800 மீட்டர் உயரம். நம் காரை அவ்வளவு உயரம் தூக்க மட்டும் 8.8 யூனிட் ஆகும். பேட்டரி மளமளவென்று இறங்குவதைப் பார்த்தால் நெஞ்சு பதறும். பதற வேண்டாம்! இறங்கும்போது அதில் ஐந்து யூனிட் அளவுக்குத் திரும்பக் கிடைக்கும். அது 35 கிலோமீட்டர் ஓட்டம்!

ஒரே ஒரு எச்சரிக்கை. மலைமேல் ஓட்டலில் நூறு சதவீதம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு இறங்காதீர்கள். நிறைகுடத்தில் மேலும் நீர் கொள்ளுமா? பேட்டரி நிரம்பியிருந்தால் ரீஜென் வேலை செய்யாது. இழுப்பு குறையும், பிரேக்தான் சூடாகும்.

2025 ஜூலையில் லூசிட் ஏர் என்ற கார் ஒரே சார்ஜில் 1,205 கிலோமீட்டர் ஓடி கின்னஸ் சாதனை படைத்தது. எங்கிருந்து எங்கே தெரியுமா? ஸ்விட்சர்லாந்து மலைமேல் இருக்கும் செயின்ட் மோரிட்ஸிலிருந்து கீழே ஜெர்மனியின் மியூனிக்குக்கு! ஊர் தேர்ந்தெடுத்ததிலும் ஒரு சாமர்த்தியம்.

10. ஏசி குளிரூட்டுவதோடு தண்ணீரும் பிழிகிறது, தெரியுமா?

தூத்துக்குடி போன்ற கடற்கரை ஊரில் காருக்குக் கீழே ஏசித் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஒவ்வொரு சொட்டும் நம் பேட்டரி! ஈரக்காற்றிலிருந்து ஒரு லிட்டர் தண்ணீரைப் பிழிய ஏசிக்கு ஏறக்குறைய 0.2 யூனிட் மின்சாரம் ஆகும். அதில் ஒன்றரை கிலோமீட்டர் ஓடியிருக்கலாம்!

இதற்கு மருந்து ஒரு சின்னப் பொத்தான்: உள்காற்றையே சுழற்றும் பொத்தான். வெளியிலிருந்து ஈரக்காற்றை இழுத்துத் திரும்பத் திரும்பப் பிழிவதைவிட, ஏற்கெனவே உலர்ந்து குளிர்ந்த காற்றைச் சுற்றவிடுவது எவ்வளவோ சிக்கனம். நெடுந்தூரப் பயணத்தில் அவ்வப்போது சில நிமிடம் மட்டும் வெளிக்காற்றை விட்டுக்கொள்ளுங்கள், தூக்கம் தட்டாது.

இன்னொரு வித்தை: கத்திரி வெயிலில் நின்ற காரை, சார்ஜர் செருகியிருக்கும்போதே மொபைல் ஆப் மூலம் குளிரவைத்துவிடுங்கள். அந்தச் செலவு வீட்டு மின்சாரத்தில் போகும், பேட்டரி முழுசாக ஓட்டத்துக்கே கிடைக்கும். முத்துக்குளிப்பவர் தோணியில் இருக்கும்போதே மூச்சை நிறைத்துக்கொள்வது போல!

11. ரொம்ப மெதுவாகப் போனாலும் தூரம் குறையும், தெரியுமா?

இது நம்ப முடியாத ஒன்று! ஏசி ஓடும்போது கார் நகர்கிறதோ இல்லையோ, மணிக்கு ஒன்றரை யூனிட் என்ற கணக்கில் அது எடுத்துக்கொண்டே இருக்கும். எனவே மிக மெதுவாகப் போனால் காற்றிடம் மிச்சம் பிடித்ததை நேரம் தின்றுவிடும். நம் மாதிரிக் காருக்குக் கணக்குப் போட்டால், ஏசியோடு அதிகத் தூரம் தரும் வேகம் 40-லிருந்து 45! அதற்குக் கீழே போனால் மறுபடியும் தூரம் குறையத் தொடங்கும். கண்டெய்னர் லாரிகள் நெருக்கும் துறைமுகச் சாலையில் ஏசியோடு இருபது நிமிடம் நின்றால், அரை யூனிட் காலி.

அதனால்தான் ஊருக்குள் ஏசியைக் கவனிக்க வேண்டும், நெடுஞ்சாலையில் வேகத்தைக் கவனிக்க வேண்டும். இடத்துக்கு இடம் திருடன் வேறு!

12. டயரில் காற்று குறைந்தால் பேட்டரியில் கிலோமீட்டர் குறையும், தெரியுமா?

சாலையில் டயர் நசுங்கி நிமிர்வதற்கே 100 கிலோமீட்டருக்கு ஐந்து யூனிட் போகிறது. 80 கிலோமீட்டர் வேகத்தில் இது காற்றுக்கு ஏறக்குறைய இணையான செலவு! டயரில் காற்று குறைந்தால் நசுங்கல் கூடும், செலவும் கூடும். மாதம் ஒருமுறை, டயர் சூடாகும் முன், காலையிலேயே காற்று பார்த்துவிடுங்கள். திருச்செந்தூர் போய்வந்த பிறகும் காரின் கூரைமேல் கேரியரைச் சுமந்துகொண்டே திரியாதீர்கள். காலியாக இருந்தாலும் அது காற்றைப் பிடித்து இழுக்கும்.

13. விளம்பரத்தில் வரும் தூரம் எந்தச் சாலையில் அளந்தது, தெரியுமா?

எந்தச் சாலையிலும் இல்லை! விஎஃப் 6 காருக்கு 468 கிலோமீட்டர் வரை என்று வாகன ஆய்வு நிறுவனமான ஏஆர்ஏஐயின் சான்று சொல்கிறது. அந்த அளவு ஆய்வுக்கூடத்தில், உருளைகள் மேல் சக்கரத்தைச் சுழலவிட்டு எடுத்தது. வேகம் 90-ஐத் தாண்டாது, ஏசி ஓடாது. கச்சான் காற்றும் இல்லை, கத்திரி வெயிலும் இல்லை. ஏமாற்று வேலை என்று நினைத்துவிடாதீர்கள். எல்லா கார்களையும் ஒரே தராசில் நிறுக்க அப்படி ஒரு அளவு வேண்டும்.

நம் தோராயக் கணக்கில், ஏசியோடு சீராக 80-இல் போனால் 59.6 யூனிட்டில் ஏறக்குறைய 410 கிலோமீட்டர் வரும். 100-இல் போனால் 340-க்குக் கீழே. இரண்டுக்கும் நடுவே எழுபது கிலோமீட்டருக்கு மேல் வித்தியாசம், அதுவும் பேட்டரியைத் தொடாமலே!

14. நம் செலவில் பாதியில் பாலைவனம் கடந்த கார் இருக்கிறது, தெரியுமா?

மெர்சிடஸ் நிறுவனத்தின் சோதனைக் கார் ஒன்றின் பெயர் ஈக்யூஎக்ஸ்எக்ஸ். 2024-இல் அது சவூதியின் ரியாத்திலிருந்து துபாய்க்கு ஒரே சார்ஜில் 1,010 கிலோமீட்டர் ஓடியது. 100 கிலோமீட்டருக்கு 7.4 யூனிட் மட்டுமே! நாம் 80-இல் போகும்போது ஆகும் செலவில் ஏறக்குறைய பாதி. பேட்டரியை ராட்சத அளவில் பெருக்கி அவர்கள் இதைச் சாதிக்கவில்லை. வால் நீண்டு, உடல் ஒடுங்கி, காற்று வழுக்கிக்கொண்டு போகும் வடிவத்துக்கு இதில் பெரும்பங்கு உண்டு. நம் கடலில் சீலா மீன் போகிற அழகைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பே இருக்காது!

15. காரைத் தடுக்கும் அதே காற்றுதான் காரை ஓட்டவும் செய்கிறது, தெரியுமா?

ஏழாவது தகவலில் ஆடிக்காற்றைக் கடன்காரன் என்றோமே? அதன் மறுபக்கம் இதோ! 1986-இல், தூத்துக்குடிக்குப் பக்கத்து முள்ளக்காட்டில் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. இந்தியாவின் ஆரம்பகாலக் காற்றாலைத் தொகுப்புகளில் அது ஒன்று. இன்று கயத்தாறு முதல் முப்பந்தல் வரை சுழல்பவை எல்லாம் அதன் பின்வந்தவை. எந்த மாதங்களில் மேல்காற்று நம் காரை எதிர்த்து நிற்கிறதோ, அதே மாதங்களில்தான் தமிழ்நாட்டின் காற்றாலைகள் அதிக மின்சாரம் கொடுக்கின்றன!

வெயிலையும் காற்றையும் காசாக்குவது இந்த ஊருக்குப் புதிதா என்ன? உப்பளத்தில் கடல்நீரைப் பாத்தி கட்டி விட்டால் வெயிலும் காற்றும் சேர்ந்து உப்பு விளைவித்துக் கொடுக்கின்றன. நாட்டின் உப்பு உற்பத்தியில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழ்நாட்டுக்கு. அதில் பெரும்பங்கு தூத்துக்குடியுடையது.

ஆனால் நம் மின்சாரம் முழுவதும் காற்றிலிருந்து வருவதில்லை. இதே கரையில் 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் நிற்கிறது. கப்பலில் வந்திறங்கும் நிலக்கரிதான் அதற்குத் தீனி. ஒரு யூனிட்டுக்கு அரைக் கிலோவுக்கு மேல் நிலக்கரி எரிகிறது. மதுரைப் பயணத்தில் நாம் மிச்சம் பிடித்த நாலரை யூனிட்டை இப்போது மறுபடி எண்ணிப் பாருங்கள். இரண்டு கிலோவுக்கு மேல் கரி எரியாமல் நின்றது! நம் வலது காலுக்கு இருக்கும் சக்தி சாதாரணமா?

16. முத்துப்பார் ஏன் மூடியது, தெரியுமா?

கொற்கைக் காலம் தொட்டு, ஈராயிரம் ஆண்டுகளாக முத்து கொடுத்த கடல் இது. 1961-க்குப் பிறகு இங்கே பெரிய முத்துக்குளிப்பு நடக்கவில்லை. பாரில் எடுக்கும் அளவுக்குச் சிப்பி இல்லை. 1973-இல் தூத்துக்குடியை ஒட்டிய வேப்பலோடையில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள் சிப்பிக்குள் முத்தை வளர்த்துக் காட்டி ஊரை மகிழவைத்தார்கள். ஆனால் கல்லில் கால் வைத்து இறங்கிய அந்தக் காலம் திரும்பவில்லை. சங்கு குளிப்பவர்கள் மட்டும் இன்றும் கடலுக்குள் இறங்குகிறார்கள்.

கடலோ, நிலக்கரியோ, பேட்டரியோ... கையிருப்புக்கு ஓர் எல்லை உண்டு என்பதை இந்தக் கரை அனுபவித்தே அறிந்திருக்கிறது.

17. நல்ல குளிகாரர் எப்போது கயிற்றைச் சொடுக்குவார், தெரியுமா?

மூச்சு தீர்ந்த பிறகு அல்ல! மேலே வந்து சேரும் அளவுக்கு மிச்சம் இருக்கும்போதே. இன்னும் இரண்டு சிப்பி கண்ணெதிரே கிடந்தாலும் விட்டுவிட்டுக் கயிற்றைச் சொடுக்குவார். அடுத்த முங்கலில் எடுத்துக்கொள்ளலாம்.

நாளை நீங்கள் கிளம்பும்போது இப்படிச் செய்து பாருங்கள். காலையில் டயர்க் காற்று. சார்ஜரைப் பிடுங்கும் முன் காரைக் குளிரவையுங்கள். ஊருக்குள் ஈகோ. நாற்கரச் சாலை ஏறியதும் 80-இல் நிலைநிறுத்துங்கள். மரக்கிளை எந்தப் பக்கம் சாய்கிறது என்று பார்த்து, எதிர்காற்றென்றால் எழுபதுக்கு இறங்குங்கள். தூரத்தில் சிவப்பு விளக்கு தெரிந்ததும் காலைத் தளர்த்துங்கள். இருபது சதவீதம் காட்டும்போதே சார்ஜரைத் தேடுங்கள்.

சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் இறங்கி, கரை ஓரமாக நடந்து போய்க் கடலைப் பாருங்கள். ஒரே மூச்சை வைத்துக்கொண்டு அதன் அடியைத் தொட்டுத் திரும்பியவர்கள் வாழ்ந்த ஊர் இது!